ஐந்துக்கு இரண்டில் கொளுத்திய சரம்

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, ராசா. சிவகாசிக்கு உன் அப்பாவே போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆமத்தூர் வரை வந்தார். உன் பேருக்குக் கீழே படிப்பைப் போட்டு, அதற்கும் கீழே ‘டென்னிஸ் பயிற்சியாளர், புனே’ என்று போட்டிருக்கிறார். ‘டென்னிஸ் வீரர்’ என்று போடலாமா என்று அச்சகத்தில் வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றாராம். நீ கோபப்படுவாயோ என்று விட்டுவிட்டாராம். பெண் வீட்டார் பெயரில் ஒரு எழுத்துகூடத் தப்பாகிவிடக் கூடாது என்று என்னிடம் காட்டினார், உன் தங்கச்சி திலகாவிடம் காட்டினார், எதிர்வீட்டு வாத்தியாரிடமும் காட்டினார். பத்திரிகை நன்றாகத்தான் இருக்கிறது.

நீ போன வாரம் போனில் சொன்னதை அவரிடம் சொன்னேன். “அம்மா, கல்யாணத்துல வெடி போடக் கூடாது. ஒரு ஊசிவெடிகூட வேண்டாம். அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க” என்றாய். அவர் அப்போதுதான் வேலைவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். “சரிதான். அவன் கேக்கது நியாயம்தான்” என்றார். அவ்வளவுதான். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். ஆயுசில் பாதிக்கு மேல் பட்டாசுக் கம்பெனியிலேயே கிடந்த மனுஷன், ஒரே மகனுடைய கல்யாணத்தில் வெடியே வேண்டாம் என்று கேட்டதும் ‘ஏன்’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் தெரியும். மூன்று வருஷமாக நாம் மூன்று பேரும் அதைத் தொடாமல், சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா, சம்பளம் போட்டார்களா என்று சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெடிக்காக வக்காலத்து வாங்க இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. வெடி வேண்டாம் என்றால் வேண்டாம். தெருவில் நாலு பேர் கேட்பார்கள். பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. நான் எழுதுவது வேறு விஷயம். போனில் பேசினால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுமையாகப் படி. கட்டிக்கப்போகிற பெண்ணிடமும் காட்டலாம், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. நம் வீட்டுக்கு வருகிறவளுக்கு நம் வீட்டு வருத்தமும் தெரிந்திருப்பது நல்லதுதான்.

நீ டென்னிஸ் மட்டையைப் பிடித்தது ஆலங்குளத்தில். சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் உன் மாமா எலக்ட்ரீஷியனாக இருந்தான். லீவுக்கு அங்கே போன நீ, ஆபீசர்கள் ஆடுகிற சிமெண்ட் தரையில் அவர்கள் ஆடி முடித்தபின் சுவரில் பந்தை அடித்துக்கொண்டு கிடந்தாய். அப்புறம் மதுரை, அப்புறம் சென்னை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ். அதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்குத் தெரியாதது, நீ ஆடப் போன நாட்களில் இந்த வீடு என்ன பாடுபட்டது என்பது. உன் அப்பாவுக்கு முதலில் அந்த எண்ணிக்கையே பிடிபடவில்லை. “பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பதா? நாப்பத்தஞ்சுல்ல வரணும்? எவன் போட்ட கணக்குலே இது?” என்று உன்னையே சத்தம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? கணக்கு பிடிபட்டபின் அவரைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டென்னிஸ் பாடம் நடந்தது. பெட்டி கட்டுகிற பெண்களுக்கெல்லாம் ‘செட்’ என்றால் என்ன, ‘சர்வ்’ என்றால் என்ன என்று தெரியும். இந்தப் பக்கத்தில் வேறெந்தக் கம்பெனியிலும் தெரிந்திருக்காது.

ஆட்டம் தொடங்கியதும் யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடுவது அவருடைய பழக்கம். உன் ஆட்டம் மட்டுமில்லை, டிவியில் எவன் ஆடினாலும் சொல்வார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கம்பெனியில் ஒரு லாட் வெடி முடிந்ததும் போர்மேன் என்கிற முறையில் அவர் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போய் வெட்டவெளியில் வெடித்துப் பார்ப்பார். அந்தக் கைப்பிடி சரியாக வெடித்தால் மொத்த லாட்டும் சரி, லோடு ஏற்றிவிடலாம். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்து அனுப்பியது திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையை அப்படியே டென்னிசுக்குக் கொண்டுவந்துவிட்டார். முதல் கேமைப் பார்த்துவிட்டு, “இது நல்ல லாட்டு, ஜெயிச்சுருவான்” என்பார். இல்லையென்றால், “நமத்துப் போயிருக்கான், தேற மாட்டான்” என்பார். பாதி சரியாக இருக்கும், பாதி தப்பாக இருக்கும். தப்பானதை அவர் ஞாபகம் வைத்துக்கொண்டதே இல்லை. திலகா கேலி செய்தால், “ஏட்டி, அது காத்து மாறிப்போச்சு” என்று சமாளிப்பார்.

நான் அதற்கு நேர்மாறு. நீ எந்த ஆட்டத்துக்குப் புறப்பட்டாலும், “போ, போ, தோத்துட்டு வா” என்றுதான் அனுப்புவேன். ஜெயிப்பாய் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று எனக்கு ஒரு பயம். பிள்ளை கொழுகொழு என்று இருந்தால் ‘நோஞ்சான்’ என்று சொல்லிக் கொஞ்சுவோமே, அந்த மாதிரி. நீ ஒருமுறை உன் மாமாவிடம், ‘அம்மா ஒரு தடவைகூட நான் ஜெயிப்பேன்னு சொன்னதில்லை’ என்று வருத்தப்பட்டாயாம். ஏலே மக்கு, நீ உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்போது நான் இங்கே பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. நீ நாளைக்கு உன் பிள்ளையிடம் சொல்.

இன்னொரு விஷயத்தையும் சொன்னால்தான் அன்றைக்கு நடந்தது உனக்குப் புரியும். பங்குனிப் பொங்கலில் அம்மன் ஊர் சுற்றி வந்து கோயில் வாசலில் இறங்கும்போது சரம் வெடிப்பதை நீ சின்னதிலிருந்து பார்த்திருக்கிறாய். அதைக் கொளுத்துகிற உரிமை உன் அப்பாவுக்கு. சப்பரம் எந்த முக்கில் திரும்பும்போது திரியில் தீ வைத்தால், அம்மன் வாசலில் இறங்குகிற நேரத்துக்குச் சரியாகக் கடைசி வெடி வெடித்து முடியும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. முன்னால் முடிந்துவிட்டால் அம்மன் வெறும் அமைதியில் வந்து இறங்க வேண்டும். பின்னால் முடிந்தால் தீபாராதனைக்கு மணிச்சத்தம் கேட்காது. ஒரு வருஷமும் அவருக்குத் தப்பியதில்லை. கடைசி வெடியும் சப்பரம் தரையைத் தொடுவதும் ஒன்றாக நடக்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கே பொறாமையாக இருக்கும், என்னைக் கட்டிக்கொண்டு வந்த அன்றுகூட அப்படி ஒரு முகம் இல்லை.

நீ தாய்லாந்தில் ஆடிய அந்த ஆட்டம்தான் உன் வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டம் என்று நீயே சொல்லியிருந்தாய். அதுவரை ஆடியதெல்லாம் சின்னச் சின்னப் போட்டிகள். தகுதிச் சுற்றில் ஜெயித்து முதல்முறையாகப் பெரிய போட்டிக்குள் நுழைந்திருந்தாய். முதல் சுற்றில் ஜெயித்தால் ஒரு கம்பெனிக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு உன் செலவைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. தோற்றால் இதோடு விட்டுவிட்டு வேலை தேட வேண்டியதுதான் என்று நீ முடிவு செய்திருந்ததும் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே கம்பெனி ஆட்கள் நம் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். டிவியில் காட்டவில்லை, போனில் எண்கள் மட்டும்தான் மாறும். திலகா போனைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். எதிர்த்து ஆடுகிறவன் ஏதோ குளிர் நாட்டுப் பையன், படத்தில் தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான். பேர் யாருடைய வாயிலும் நுழையவில்லை, அதனால் அவனுக்குத் தொப்பிக்காரன் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முதல் கேமை நீ எடுத்ததும் உன் அப்பா, “நல்ல லாட்டு” என்றார். முதல் செட்டை நீ தோற்றபோது, “கொஞ்சம் ஈரம் இருக்கு, காயட்டும்” என்றார். இரண்டாவது செட்டை நீ ஜெயித்தாய். மூன்றாவதில் ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் போனாய். இன்னும் ஒரே ஒரு கேம். அதற்கும் நீதான் சர்வ் போட வேண்டும். அதற்கு முன் இரண்டு பேரும் பக்கம் மாறி உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற இடைவெளி. அந்த இடைவெளியில்தான் உன் அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். எதிரே பொட்டலில் பத்தாயிரம் வாலா சரம் ஏற்கெனவே விரித்துக் கிடந்தது. யாரோ, “அண்ணாச்சி, முடியட்டுமே” என்றார்கள். “முடிஞ்ச பொறவு கொளுத்துனா அதுக்கு எதுக்கு நான்? எவன் வேணும்னாலும் கொளுத்துவான். எம் மவன் ஜெயிக்கதும் கடைசி வெடியும் ஒண்ணா இருக்கணும்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ என்ன சொல்லுத?” எப்போதும் ‘தோத்துருவான்’ என்று சொல்கிறவள் அல்லவா நான். அன்றைக்கு எனக்கும் நாக்கு மாறிப்போனது. “ஜெயிச்சுருவான், கொளுத்துங்க” என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. திலகா வாய் அசைவது மட்டும் தெரிந்தது. முதலில் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். நாற்பதுக்குப் பதினைந்து, இன்னும் ஒரு புள்ளி என்று பிறகு சொன்னாள். அப்புறம் கையை இறக்கினாள். அப்புறம் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சரம் வெடித்துக்கொண்டே இருக்கிறது. பெண்கள் குலவை போடுகிறார்கள். புகைக்குள்ளிருந்து திலகா ஓடி வந்து உன் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறாள், அவரோ, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறார். கொளுத்திய சரத்தை யாராலும் நிறுத்த முடியாது. கடைசி வெடி சரியாக எந்த நேரத்தில் முடிய வேண்டும் என்று அவர் நினைத்தாரோ அந்த நேரத்தில்தான் முடிந்தது. அவர் கணக்கு அன்றைக்கும் தப்பவில்லை. முடிந்ததும்தான் திலகா சொன்னது எல்லாருக்கும் கேட்டது. “அஞ்சு-மூணுப்பா. அண்ணன் அந்தக் கேம விட்டுட்டான்.”

மிச்சத்தை வெடித்த காகிதத்துக்குள் நின்றுகொண்டே பார்த்தோம். ஐந்து-நான்கு, ஐந்து-ஐந்து, ஐந்து-ஆறு. யாரும் உட்காரவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உன் அப்பா மட்டும் ஒவ்வொரு எண்ணுக்கும், “இப்ப எடுத்துருவான், இப்ப எடுத்துருவான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து-ஏழு என்று திலகா சொன்னபோது அதற்கும் அவர், “இப்ப எடுத்துருவான்” என்றார். முடிந்துவிட்டது என்று அவளாகப் போனை அணைத்துக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார்.

சரம் வெடித்ததைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிய பெண் கெட்டவள் இல்லை. பெட்டி கட்டுகிற செக்ஷன்தான் அவளும். சரம் பாதி வெடிக்கும்போதே ‘வெற்றி வாழ்த்துகள் தம்பி’ என்று போட்டு அனுப்பிவிட்டாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அனுப்பியிருக்கிறார்கள். நீ தோற்று வெளியே வந்து போனைத் திறந்தால், ஊரே உன் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாளில்லை. அந்தப் பெண் இன்றைக்கும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். நீ அப்பாவைக் கூப்பிட்டாய். எல்லாரும் ஆளுக்கொரு வார்த்தை சொல்லி உன்னைத் தேற்றட்டும் என்றுதான் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். “நீங்கதாம்ப்பா என்னைத் தோக்கடிச்சது.” அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய். உனக்கு அது தெரியாது, தனியாக இருக்கிறார் என்று நினைத்திருப்பாய். பிறகு வைத்துவிட்டாய். அவர் தானே துடைப்பத்தை எடுத்துப் பொட்டலைப் பெருக்கினார். யாரையும் தொட விடவில்லை.

நீ கோபத்தில் சொன்னாய். எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த உனக்கு ஆமத்தூரில் வெடித்தது எப்படிக் கேட்கும்? ஒரு பச்சைப்பிள்ளைக்குக்கூட அது புரியும். ஆனால் உன் அப்பாவுக்குப் புரியவில்லை. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். முடியாத ஒன்றை முடிந்ததாக வைத்துக் கொண்டாடியது தெய்வக் குற்றம், அதனால்தான் பிள்ளைக்குக் கை நழுவியது என்று அவர் மனசுக்குள் எழுதிக்கொண்டுவிட்டார். ‘கொளுத்துங்க’ என்று சொன்னவள் நானும்தானே என்று சண்டை பிடித்துப் பார்த்தேன். “நீ சொன்ன, தீ வச்சது யாரு?” என்கிறார். அடுத்த பங்குனிக்குக் கோயில்காரர்கள் வழக்கம்போல வந்து கூப்பிட்டார்கள். “எனக்குக் கணக்குத் தப்பிப்போச்சு. வேற ஆளப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார். கம்பெனிக்குப் போகிறார், வேலை பார்க்கிறார், சோறு போடுகிற தொழில் அல்லவா. ஆனால் தீபாவளிக்குக்கூட அவர் கையால் ஒரு திரியில் தீ வைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கும் நீ வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. சீசன் வேலை, லீவு இல்லை என்றாய். புனேயில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் தீபாவளிக்கு என்ன சீசனோ, நான் கேட்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியவே தெரியாது. உன் ஆட்டத்துக்கு ஒரு மாதம் கழித்துத் திலகாவிடம் போனில் அந்த எண்களைப் பார்ப்பது எப்படி என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். அதிலிருந்து தினமும் காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் போனை எடுத்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். நீ மறுபடி ஆட வந்திருக்கிறாயா என்று பார்க்கிறார் என்று நினைத்து நானும் சும்மா இருந்தேன். ஒருநாள் விருதுநகரிலிருந்து பொரிச்ச பரோட்டா வாங்கி வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, “சும்மாதான், சாப்பிடு” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நானும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். வாக்கப்பட்ட காரியாபட்டியிலிருந்து வந்திருந்த திலகாதான் அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது உன்னை இல்லை. உன்னை ஜெயித்தானே அந்தத் தொப்பிக்காரனை. அவன் எந்த நாட்டில் ஆடினாலும் இவர் பார்க்கிறார். அன்றைக்கு அவன் ஒரு பெரிய ஆளைத் தோற்கடித்திருந்தான். அதற்குத்தான் பரோட்டா.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. “எம் பிள்ளையத் தோக்கடிச்சவன் ஜெயிக்கணும்னா வேண்டிக்கிட்டு இருக்கீக? அவன் பரோட்டாவையா எனக்குத் தின்னக் குடுத்தீக?” என்று கத்தினேன். போனை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அவன் பெரிய ஆளா வந்துட்டான்னு வையி. அப்ப நம்ம பய தோத்தது வெடியால இல்ல, அம்புட்டுப் பெரிய ஆட்டக்காரன்கிட்டத் தோத்தான்னு ஆயிருமில்ல? ஊரும் அப்படித்தான சொல்லும்? நம்ம பயலும் அப்படி நினைப்பாம்லா?” அடுப்படிக்குள் போய் அழுதேன். அன்றிலிருந்து நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். காலையில், “இன்னைக்குத் தொப்பிக்காரனுக்கு யாரு கூட?” என்று கேட்பேன். “எவனோ நெட்டையன். நம்மாளு ஜெயிச்சுருவான் பாரு” என்பார். நான் என் வழக்கப்படி, “தோத்துருவான்” என்பேன், அவனுக்குக் கண்படக் கூடாது என்று. யாரோ பெற்ற பிள்ளைக்காக நாங்கள் இரண்டு கிழடுகளும் இப்படி இருந்தோம்.

அவன் பெரிய ஆளாக வரவில்லை, ராசா. ஒரு வருஷம் நன்றாக ஆடினான். அப்புறம் முதல் சுற்றிலேயே தோற்கத் தொடங்கினான். உன் அப்பா ஒவ்வொரு முறையும், ‘காத்து மாறிப்போச்சு, அடுத்ததுல எடுத்துருவான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னப் போட்டிகளுக்கு இறங்கினான், அங்கேயும் தோற்றான். போன மாசம் அவன் பேரே எங்கும் இல்லை. திலகா தேடிப் பார்த்து, தோளில் அடிபட்டு ஆட்டத்தையே விட்டுவிட்டானாம் என்று சொன்னாள். அன்றைக்கு உன் அப்பா போனைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு, “அப்ப அவன் சாதாரண ஆளுதான்” என்றார். அதே வாரத்தில்தான் நீ கூப்பிட்டு, வெடி வேண்டாம் என்றாய். ஏன் அவர் ‘நியாயம்தான்’ என்றார் என்று இப்போது உனக்குப் புரிகிறதா?

கல்யாணப் பேச்சுக்காக உன் மாமா வந்தபோது இதையெல்லாம் அவனிடம் கொட்டினேன். அவனுக்கும் தாங்கவில்லை. நீ சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்ததை என்னிடம் சொல்லிவிட்டான்; அவனைக் கோபிக்காதே. தோற்று வந்த மாதமே ஆலங்குளத்துக்குப் போயிருக்கிறாய், பக்கத்தில் இருக்கிற எங்களைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறாய். போகட்டும். அவனிடம் சொன்னாயாம்: “நாப்பது-பதினஞ்சுல ஒரு பந்து மாமா. ஒண்ணே ஒண்ணு. ஜெயிச்சுட்டா என்னன்னு ஒரு நிமிசம் நினைச்சுட்டேன். கை வரல. பயந்துட்டேன். அதுக்கப்புறம் எனக்குக் கையே இல்ல.” இதைச் சொல்லிவிட்டு அவன் மடியில் படுத்து அழுதாயாம். அதைக் கேட்டு நானும் அழுதேன். அவ்வளவு பெரிய பையன், அவ்வளவு தூரம் போய், தனியாக நின்று பயந்திருக்கிறாயே என்று அழுதேன். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லையே உனக்கு.

உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். நம்பவில்லை. “ஓ தம்பி என்னய சமாதானப்படுத்தச் சொல்லுதான். எம் பய பயப்பட மாட்டான்” என்றார். பார்த்தாயா, உன்னைப் பயந்தவன் என்று ஒத்துக்கொள்வதைவிடத் தன்னைக் குற்றவாளி என்று ஒத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. நான் சொன்னாலும் மாமா சொன்னாலும் அது ஏறாது. நீ ஒருவன் சொன்னால்தான் ஏறும்.

நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வரப்போகிறாள். அம்மாவாக உனக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அப்பா ஒரு கேமைப் பார்த்து மொத்த ஆட்டத்தையும் சொன்ன மாதிரி, அவளுடைய ஒரு நாளைப் பார்த்து அவள் இப்படித்தான் என்று முடிவு கட்டாதே. மனுஷர் லாட் லாட்டாக வருவதில்லை. நீயும் உன் அப்பாவுக்கு அதைத்தான் செய்தாய். ஒரு மத்தியானத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன்னை சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்ட மனுஷனை ஒதுக்கிவிட்டாய். கோபத்தில் எதையாவது சொல்லிவிட்டால் மறுநாளே போய் அதை எடுத்துவிடு. நீ சொல்லிவிட்டு மறந்துபோவாய். கேட்டவர் அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தியே வா. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அதைக் கேட்டால் அவர் இன்னும் கூசிப்போவார். உடம்பும் முன்போல இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, என்னிடம் மறைக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடைசிக் கேமைச் சொல். முதல் பந்திலிருந்து சொல். எந்தப் பந்தில் கை வரவில்லை, எப்போது பயந்தாய், எல்லாவற்றையும் சொல். ‘நான்தான் தோற்றேன் அப்பா’ என்று உன் வாயால் சொல். அந்தத் தோல்வி உன்னுடையது, ராசா. நீ சின்னவன், சுமந்துவிடுவாய். அவருக்கு வயதாகிவிட்டது. வந்து அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்.